குளத்துப் பூச்சியும் எமது குறிப்பேடும்

இவ்வாண்டு மலருக்கு யாதேனும் ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, பெரியோர் சரிதம், பிரயாணக் குறிப்பு, இலக்கிய ஆராய்ச்சி எனப் பல பொருள்கள் எம் நினைவிற்கு வந்தன. அவையெல்லாவற்றையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, கட்டைவிரல் நகத்தினும் சிறிதே பெரியதான ஒரு பூச்சியைப் பற்றி எழுதத் துணிந்தோம். நகைக்க விரும்புவோர் நகைக்கலாம். இக்கல்லூரியில் யாம் கற்ற பாடங்களுள் பெரும்பாலானவற்றை மறந்துவிட்டோம். இப்பூச்சி கற்பித்த பாடம் ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதனை மாணவ நண்பர்களுக்குச் சொல்லுவது எமது கடன் என்று கருதுகிறோம்.

1978 ஆம் ஆண்டில் யாம் விலங்கியலில் இரண்டாம் ஆண்டு மாணவராயிருந்தோம். அவ்வாண்டு எம் பேராசிரியர் ஒரு புதுமையான கட்டளை இட்டார். மாணவர் ஒவ்வொருவரும் உயிருள்ள பிராணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு பருவகாலம் முழுதும் வளர்த்து, கண்டதைக் கண்டவாறே நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதி ஒப்புவிக்க வேண்டும் என்பதே அது. ஒருவர் தலைப்பிரட்டைகளை எடுத்துக்கொண்டார். மற்றொருவர் எருக்கஞ்செடியில் மேயும் கம்பளிப்புழுவை ஏற்றார். எமக்கு யாதும் அகப்படவில்லை. ஐப்பசி மழை பெய்து குளங்கள் நிரம்பியிருந்த சமயமாதலின், ஒரு மாலைப்பொழுதில் ஊர்க்குளத்தின் கரைக்குச் சென்று, வேலம்பாசி படர்ந்திருந்த ஓரத்தில் கைவலையை இட்டு வாரினோம். பாசியோடு பாசியாக வந்தது எமது பூச்சி.

முதலில் அதன் தோற்றத்தைச் சொல்லுவோம். உடல் முட்டை வடிவாகவும், மேலும் கீழும் தட்டையாகவும், முக்கால் அங்குலத்திற்கு உட்பட்ட நீளமுடையதாகவும் இருந்தது. நிறம் உலர்ந்த இலையை ஒத்த கபிலம்; தோளின் ஓரங்களில் மட்டும் சிறிது வெளிறியிருந்தது. அசையாமலிருக்குங்கால் நீரில் வீழ்ந்த சருகு என்றே எண்ணத் தோன்றும். முன்னங்கால்கள் இரண்டும் மடக்குக்கத்தி போன்று மடங்கி இரையைப் பற்றுவதற்கு அமைந்தவை. நடுக்கால்களும் பின்னங்கால்களும் துடுப்பைப் போலத் தட்டையாகி, விளிம்பில் மயிர் வரிசை உடையனவாய் நீந்துவதற்கு உதவுகின்றன. வயிற்றின் நுனியில் குறுகிய இரு பட்டைகள் உண்டு. பூச்சி தலைகீழாகத் தொங்கி, அப்பட்டைகளை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டிக் காற்றை வாங்கிச் சிறகுகளுக்கு அடியிற் சேமித்துக்கொண்டு மீண்டும் ஆழத்திற்குச் செல்லும். மூச்சடக்கி முத்துக்குளிப்போர் தம் மார்பில் நிரப்பிச் செல்லுங் காற்றை, இப்பூச்சி தன் முதுகில் நிரப்பிச் செல்கின்றது எனலாம்.

இதனை வண்டு என்று பலரும் அழைப்பர். யாமும் அவ்வாறே முதற்பக்கத்தில் எழுதினோம். பேராசிரியர் அதனைத் திருத்தினார். வண்டுக்கு மெல்லும் தாடை உண்டு. இதற்குத் தாடையில்லை, குத்தி உறிஞ்சும் அலகு ஒன்றே உண்டு. ஆகவே இது மூட்டைப்பூச்சி, நீர்த்தேள் முதலியவற்றோடு ஹெமிப்டெரா என்னும் வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையிலும் பெலோஸ்டோமாட்டிடே என்னும் குடும்பத்தது. உலகெங்கும் இக்குடும்பத்தில் ஏறக்குறைய 150 இனங்கள் உள. தென் அமெரிக்காவில் வாழும் சில நான்கு அங்குலத்திற்கும் மேற்பட வளர்ந்து, மீனையும் தவளையையும் பற்றி உண்பன. தாய்லாந்து நாட்டிலும் நம் மணிப்பூரிலும் இக்குடும்பத்துப் பெரிய பூச்சியொன்றை மனிதரே விரும்பி உண்கின்றனர் என்று அறிந்து வியந்தோம்.

எம் கையில் அகப்பட்டதன் சாஸ்திரப் பெயர் டிப்ளோனிக்கஸ் ரஸ்டிகஸ் என்பது. இதில் பின்னுள்ள பெயரை 1781 ஆம் ஆண்டில் இட்டவர் பாப்ரிஷியஸ் என்னும் டேனிஷ் அறிஞர், லின்னேயஸின் மாணவர். அக்காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசமிருந்தது. அங்கிருந்து மிஷன் வைத்தியராயிருந்த கோனிக் முதலியோர் அனுப்பிய பூச்சிகள் பல பாப்ரிஷியஸின் நூல்களில் இடம்பெற்றிருக்கின்றன. ரஸ்டிகஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு நாட்டுப்புறத்தான் என்பது பொருள். கிராமத்திலிருந்து வந்து விடுதியிற் சேர்ந்திருந்த எமக்கு அப்பெயரைக் கேட்டவுடனே பூச்சியின்மீது ஒருவகைப் பந்துப் பாசம் உண்டாயிற்று. இந்நாட்டுப்புறத்தான் இந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து, மலேயா, இந்தோனேசியத் தீவுகள், சீனா ஆகிய இடங்களில் குளம், குட்டை, நெல்வயல் முதலிய ஓடாத நீர்நிலைகளில் வாழ்கின்றான்.

இவன் உண்ணும் முறை பார்ப்பதற்குச் சற்றே அச்சம் தருவது. பாசித்தண்டைப் பின்னங்கால்களாற் பற்றிக்கொண்டு அசையாது காத்திருப்பான். கொசுப்புழுவோ, தலைப்பிரட்டையோ, சிறு நத்தையோ அருகில் வருங்கால் முன்னங்கால்கள் மின்வெட்டெனப் பாயும். அலகு குத்தியவுடன் அதன் வழியே உமிழ்நீர் இரையினுட் செல்லும். அவ்வுமிழ்நீர் இரையை அசைவற்றதாக்கி, அதன் உள்தசைகளைக் கூழாகக் கரைத்துவிடும். பின்னர் அக்கூழை உறிஞ்சிக்கொண்டு வெறுந்தோலை நழுவவிடுவான். அதாவது, நாம் உண்டபின் வயிற்றிற் செய்யும் ஜீரணத்தை இவன் உண்ணுமுன்னரே இரையின் உடலுக்குள் செய்துவிடுகிறான். கையாற் பிடிப்போரையும் சிலசமயம் குத்துவதுண்டு. எமது சுட்டுவிரலும் அதற்குச் சாட்சி. தேளுக்குத் தங்கை என்று சொல்லலாமேயன்றி, ஆபத்து யாதும் இல்லை. கொசுப்புழுக்களை ஏராளமாக உண்பதால் இவன் நமக்கு நண்பனே.

நிற்க. யாம் பூச்சியைத் தொட்டியில் விட்ட மறுநாள் உற்றுநோக்கியபோதுதான் அதன் முதுகில் மற்றொரு விஷயத்தைக் கண்டோம். சிறகுகளை முழுதும் மறைத்து, அரிசிமணிகளை நெருக்கமாக நட்டு வைத்தாற்போல் முட்டைகள் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. எமக்கு ஆனந்தம் தாங்கவில்லை. எந்தத் தோழருக்கும் கிட்டாத அதிர்ஷ்டம் எமக்குக் கிட்டியது என்று இறுமாந்து, "தாய்ப்பூச்சி தன் முட்டைகளை முதுகிற் சுமக்கின்றது" என்று குறிப்பேட்டில் எழுதினோம். சுமப்பது தாயாகத்தானே இருக்க வேண்டும்! இதனை ஆராயவேண்டும் என்ற எண்ணமே எமக்குத் தோன்றவில்லை.

அடுத்து யாம் செய்த காரியத்தை எழுத இன்றும் கை கூசுகின்றது. முட்டைகள் எத்தனை என்று துல்லியமாக எண்ணி எழுதினால் பேராசிரியர் மெச்சுவார் என எண்ணி, பூச்சியை ஈரத்துணியிற் பிடித்துக்கொண்டு, ஊசிமுனையால் முட்டைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தோம். 87 இருந்தன. அவற்றை ஒரு கண்ணாடித் தட்டில் தெளிந்த நீர் ஊற்றி இட்டு, மேசைமேல் வைத்து, குஞ்சுகள் எப்பொழுது வெளிவரும் என்று காத்திருந்தோம். பூச்சியை மீண்டும் தொட்டியில் விட்டோம். அது மறுநாளே வழக்கம்போல் இரை தேடத் தொடங்கியது. அது துக்கித்தது என்று யாம் எழுதினால் அதுவும் பொய்யாகும்.

நான்காம் நாள் முட்டைகளின்மீது வெண்மையான பூஞ்சணம் படர்ந்தது. நீரை மாற்றினோம்; பயனில்லை. எட்டாம் நாள் தட்டிலிருந்து எழுந்த நாற்றத்தைச் சகியாமல் அறைத்தோழர் அதனை வெளியே எறியும்படி வற்புறுத்தினார். குறிப்பேட்டை ஒப்புவிக்க ஒரு வாரமே இருந்தது. மீண்டும் குளத்திற்குச் செல்லச் சோம்பல். உண்மையை எழுத வெட்கம். அதற்கும் மேலாக ஒரு பயம் இருந்தது. எமக்குக் கல்லூரியில் அளிக்கப்பட்டுவந்த கட்டணச் சலுகை ஒவ்வொரு பருவத்திலும் பெறும் மதிப்பெண்ணைப் பொறுத்தது. எம் தந்தையார் கைத்தறி நெசவாளர். சலுகை போய்விடின் அவர்மீதே சுமை விழும். இவ்வாறெல்லாம் எமக்கு நாமே நியாயம் கற்பித்துக்கொண்டு, ஓர் இரவில் விளக்கடியில் அமர்ந்து, "ஒன்பதாம் நாள் காலையில் 71 முட்டைகள் பொரிந்தன, 16 பழுதாயின" என்று எழுதினோம். எல்லாம் பொரிந்தன என்றால் ஐயம் தோன்றும் என்பதற்காகவே 16ஐக் கழித்தோம்; பொய்க்கும் ஒரு கணக்கு உண்டன்றோ? புத்தகத்தைப் பார்த்துக் குஞ்சின் படமொன்றையும் அழகாக வரைந்து சேர்த்தோம்.

பேராசிரியர் எம்மைத் தம் அறைக்கு அழைத்தார். குறிப்பேடு அவர் மேசைமேல் விரிந்திருந்தது. அவர் குரலில் கோபம் சிறிதும் இல்லை.

"தம்பி, மூன்றாம் பக்கத்தில் முட்டைகளையெல்லாம் பெயர்த்து எடுத்ததாக எழுதியிருக்கிறாய். ஐந்தாம் பக்கத்தில் அவை பொரிந்தன என்கிறாய். இடையில் அவற்றைச் சுமந்தவர் யார்?"

"ஐயா, தட்டில் நீர் ஊற்றி வைத்திருந்தேன்."

"தட்டில் வைத்தால் அவை மூச்சுத் திணறிச் சாகும், தம்பி. தகப்பன் முதுகைவிட்டால் அவற்றிற்கு வாழ்வில்லை. தாய் என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் பிழை. ஆனால் அது அறியாமற் செய்த பிழை, திருத்திவிடலாம். மற்றதை நீயே சொல்."

யாம் தலைகுனிந்து நின்றோம். நெடுநேரத்திற்குப் பின்னரே, "பொரியவில்லை, ஐயா, யாவும் அழுகிப்போயின" என்னும் சொற்கள் எம் வாயினின்று வெளிவந்தன. அவர் சிவப்பு மையைத் தொட்டு, அப்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "அழுகிப்போயின என்று நீ எழுதியிருந்தால் இந்தக் குறிப்பேடு வகுப்பிலேயே சிறந்ததாக இருந்திருக்கும். ஏன் அழுகின என்னும் கேள்வியிலேதான் இந்தப் பூச்சியின் சரித்திரம் முழுதும் இருக்கிறது" என்றார். பிறகு எம்மை உட்காரச் செய்து, அச்சரித்திரத்தை விளக்கினார். அவர் அன்று சொன்னவற்றோடு, பிற்காலத்தில் யாம் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

இக்குடும்பத்துப் பூச்சிகளின் முட்டைகள் பூச்சி முட்டைகளுள் மிகப் பெரியவை. சிறிய முட்டையாயின் நீரிற் கரைந்துள்ள பிராணவாயு அதனுள் எளிதிற் பரவிவிடும். பெரிய முட்டைக்கு அது போதாது. முழுதும் நீரில் மூழ்கிக் கிடந்தால் மூச்சற்று மடியும். அங்ஙனமாயின் நீருக்கு வெளியே வைக்கலாமே எனின், உலர்ந்து மடியும். நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். இவ்விரண்டையும் மாறி மாறிக் கொடுப்பதற்கு ஒருவர் இடையறாது உழைக்க வேண்டும். அவ்வுழைப்பை ஏற்றுக்கொண்டவன் ஆண். பெண்பூச்சி தன் உடற்சாரத்தைச் செலவிட்டு முட்டைகளை உருவாக்கி, ஆணின் முதுகில் பசைபோன்ற பொருளால் ஒட்டிவிட்டு, அடுத்த ஈட்டிற்காக இரை தேடச் செல்கின்றது. ஆண் அன்றுமுதல் நீர்மட்டத்தை அண்டியே வாழ்ந்து, முதுகைக் காற்றிற்குக் காட்டியும், நீருள் அமிழ்ந்து உடலை மேலும் கீழும் அசைத்துப் புதுநீரை முட்டைகளின்மீது பாய்ச்சியும் காக்கின்றது. முட்டைகள் சிறகுகளை மூடியிருப்பதால் அதற்குப் பறக்கவும் இயலாது. குளம் வற்றினாலும் பகை வந்தாலும் சுமையோடுதான் பிழைக்க வேண்டும்.

சுமப்பது தாயே என்று யாம் எண்ணியதற்கு மிகவும் வெட்கப்பட வேண்டியதில்லை என்றும் பின்னர் அறிந்தோம். 19 ஆம் நூற்றாண்டின் அறிஞர் சிலரும் அவ்வாறே நம்பினர். பெண்பூச்சி தன் முதுகில் தானே முட்டையிடுகின்றது என்று எழுதியும் வைத்தனர். 1899 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிளாரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர் என்னும் பெண்மணியார், இக்குடும்பத்துப் பூச்சியொன்றை ஆராய்ந்து, சுமப்பது ஆணே என்று நிலைநாட்டினார். ஆயினும் ஆண் விருப்பமின்றியே அச்சுமையைத் தாங்குகின்றது என்பது அவர் கருத்து. அதன் பின்னர் 1970களில் ராபர்ட் ஸ்மித் என்னும் அறிஞர், அரிசோனாவில் வாழும் ஓர் இனத்தை ஆராய்ந்து, ஆண் தானே முன்வந்து இச்சுமையை ஏற்கின்றது என்றும், தான் ஏற்பவை தன் சந்ததியே என்பதை உறுதிசெய்து கொண்ட பின்னரே முட்டையிட முதுகைக் கொடுக்கின்றது என்றும் காட்டினார். ஆகவே, நன்றாகப் பார்த்தவரின் கருத்தையும் பின்வந்தவர் திருத்த நேர்கின்றது. இருவரும் கண்டதையே எழுதினர். ஆதலாலேயே ஒருவர்மேல் ஒருவர் ஏறி நின்று தூரம் பார்க்க முடிந்தது. எம் 71 குஞ்சுகளின்மேல் ஏறி நின்று எவர் எதைப் பார்த்திருக்க முடியும்?

அப்பருவத்துக் கட்டணச் சலுகை எமக்குக் கிடைக்கவில்லை. விடுமுறையில் ஊருக்குச் சென்று தந்தையாரிடம் உண்மையை ஒளியாமற் சொன்னோம். அவர் தறியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "இழை அறுந்தால் அங்கேயே நிறுத்தி முடிபோட வேண்டும். அறுந்ததை மறைத்து மேலே நெய்தால் சேலை முழுதும் கோடு விழும். முடிந்துவிட்டாயல்லவா? போ" என்றார். அதற்குமேல் அதைப்பற்றி அவர் பேசவில்லை. இரண்டு மாதகாலம் இரவிலும் தறியின் ஓசை கேட்டதாக எம் தாயார் பிற்பாடு சொல்லக் கேட்டோம்.

விடுமுறை கழிந்து திரும்பியதும் மீண்டும் குளத்திற்குச் சென்றோம். மூன்று மாலைகள் வெறுங்கையோடு திரும்பி, நான்காம் மாலையில் முட்டை சுமந்த ஆண் ஒன்றைக் கண்டெடுத்தோம். இம்முறை அதனைத் தொடவில்லை, எண்ணவுமில்லை. வெளிறிய நிறத்தனவாயிருந்த முட்டைகள் நாளடைவில் நீரை உள்வாங்கிப் பருத்தன, நிறம் கருகியது. எமக்குக் கிடைத்த ஏழாம் நாளிரவு, விளக்கை அணைக்கப் போகுங்கால் முட்டையொன்றின் மூடி திறப்பதைக் கண்டோம். வெண்மஞ்சள் நிறமான சிறு உருவமொன்று நிமிர்ந்து எழுந்து, கால்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு, தகப்பனின் முதுகிலிருந்து நழுவி நீரில் இறங்கியது. அதன்பின் மற்றொன்று; பின் பல. விடியுமுன்னரே அவற்றின் நிறம் கபிலமாகத் தொடங்கியது. தந்தையின் உருவமே சிறு அளவில். சிறகு மட்டும் இல்லை. சில நாட்களில் வெற்றோடுகள் அடைபோலக் கழன்று வீழ்ந்தன. அவற்றை எடுத்து எண்ணினோம்: 78. எண்ணுவதற்கு உரிய காலம் அதுவே என்று அப்பொழுதுதான் தெரிந்தது.

இப்பூச்சிக்கு வண்ணத்துப்பூச்சியைப்போலக் கூட்டுப்புழுப் பருவம் இல்லை. குஞ்சு ஐந்துமுறை தோலுரித்து வளர்கின்றது. சிறகின் மொட்டுக்கள் மெல்ல வெளிப்பட்டு, ஐந்தாம் தோலை நீக்கியவுடன் முழுச் சிறகோடு வெளிவருகின்றது. இதற்கு ஒரு மாதமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்னும் இயல்பின. இதனை அறியாமல் யாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டதால் பல அழிந்தன. எஞ்சியவற்றைத் தனித்தனிக் குவளைகளில் வைத்துக் கொசுப்புழு ஊட்டினோம். முடிவில் முழுப்பூச்சியானவை நான்கே. "நான்கு" என்றே எழுதினோம். பேராசிரியர் அவ்வெண்ணின்கீழ்ச் சிவப்பு மையால் ஒரு சிறு கோடு இட்டு, "நன்று" என்று எழுதினார். அந்நான்கையும் கொண்டுபோய்க் குளத்தில் விட்டோம்.

அதன்பின் யாமும் ஆசிரியராகி முப்பது ஆண்டுகள் பள்ளியிற் பணியாற்றி ஓய்வு பெற்றுவிட்டோம். பேராசிரியரும் இன்று இல்லை; தந்தையாரும் இல்லை. அக்குறிப்பேடு மட்டும் எம்மிடம் இருக்கிறது. குறுக்குக்கோடு இட்ட பக்கத்தை யாம் கிழித்தெறியவில்லை. பரிசோதனைக் கணக்கைத் தமக்கேற்ப வளைத்துக் கொண்டுவரும் மாணவர்களுக்கு அப்பக்கத்தைக் காட்டுவது எம் வழக்கமாயிருந்தது. அவர்களை யாம் கடிந்துகொண்டதில்லை, "இடையில் அவற்றைச் சுமந்தவர் யார்?" என்று மட்டும் கேட்போம்.

மாணவ நண்பர்காள்! மழைக்காலத்தில் எந்தக் குளத்தின் ஓரத்திலும், பாசி படர்ந்த இடத்தில், சருகைப்போன்ற இப்பூச்சியை நீங்கள் காணலாம். அதன் முதுகில் அரிசிமணிகள்போல் ஏதேனும் தென்படின், கரையிலிருந்தவாறே சிறிதுநேரம் பாருங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதிவையுங்கள். ஊசியை மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.